குதிகால் எலும்பு நொறுங்கினால்: சிங்கப்பூரில் சிகிச்சை முதல் மறுபடி நடப்பது வரை

குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நேரத்தில்தான். வீக்கம் வடிவதற்குள் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுகிறார்கள். எலும்பு கூடுவதற்குள் காலை ஊன்றிவிடுகிறார்கள். விபத்தைப் பதியாமல் ஆறு மாதம் விட்டுவிட்டு அப்புறம் இழப்பீட்டுக்கு அலைகிறார்கள். அதனால் எது முதலில், எது பிறகு என்ற வரிசைப்படியே இதை எழுதியிருக்கிறேன்.

நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு வேலை பார்ப்பவன். என் இடது குதிகால் உடைந்தது வீட்டில், ஏர்கானைத் துடைக்க ஏணியில் ஏறியபோது. அதற்குப் பிறகு இதே எலும்பை உடைத்துக்கொண்ட எட்டுப் பேருடன் மருத்துவமனைக்கும் தங்கும் விடுதிக்குமாகப் போய் வந்திருக்கிறேன். உங்கள் காலை நேரில் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. விழுந்த இடத்தில்: எழுந்து நின்று பார்க்காதீர்கள்

விழுந்ததும் எல்லோரும் செய்வது, "ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பார்ப்பது. வேண்டாம். குதிகால் எலும்புக்கு மேலே மெல்லிய ஓடு, உள்ளே ரொட்டி போலத் துளைத்துளையாக இருக்கும். உயரத்திலிருந்து குதிகாலில் விழும்போது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கணுக்கால் எலும்பு ஆப்பு போல இறங்கி அதைப் பிளந்துவிடுகிறது. பிளந்த எலும்பின்மேல் நின்றால் துண்டுகள் இன்னும் விலகும்.

அடுத்து முதுகு. குதிகாலில் வாங்கிய அடி அப்படியே முதுகெலும்புக்கு ஏறும். இப்படி விழுந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் முறிவு இருக்கிறது. கால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலி அப்போது தெரியாமல் போகலாம். முதுகில் வலியோ, காலில் மரத்துப்போன உணர்வோ இருந்தால் யாரும் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. 995க்கு அழையுங்கள். 1777 அவசரமில்லாத பயணங்களுக்கான ஆம்புலன்ஸ் எண். உயரத்திலிருந்து விழுந்தவருக்கு அது வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் காலணி, சாக்ஸ், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும். பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும். காலைத் தலையணைமேல் உயர்த்தி, துண்டில் சுற்றிய ஐஸை ஓரங்களில் வையுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். உடனே அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

தைலம் தேய்த்து உருவுவது, ஊருக்கு ஃபோன் போட்டுப் புத்தூர்க் கட்டு பற்றி விசாரிப்பது, பக்கத்து புளோக்கில் இருக்கும் சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய வைத்தியரிடம்) போவது, இதெல்லாம் அன்பில் சொல்லப்படும் யோசனைகள்தான். இந்த எலும்புக்கு மட்டும் அவை ஆபத்து. பெரும்பாலான குதிகால் முறிவுகள் மூட்டுக்குள் ஓடுகின்றன. உள்ளே என்ன நொறுங்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்துக் கட்டினால், வீங்கிக்கொண்டே போகும் பாதத்துக்கு இரத்த ஓட்டம் தடைபடும்.

2. எங்கே போவது, அங்கே என்ன சொல்வது

சிறிய கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டான் டோக் செங், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, கூ டெக் புவாட், சாங்கி, செங்காங், இங் தெங் ஃபோங் என்று எது அருகில் இருக்கிறதோ அது போதும். காரணம் இரண்டு. எக்ஸ்ரேயோடு சிடி ஸ்கேனும் தேவைப்படும். கிளினிக்கில் அது இருக்காது. இன்னொன்று செலவு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொது மருத்துவமனை அவசரப் பிரிவு வழியாகவோ பலதுறை மருந்தகப் (பாலிகிளினிக்) பரிந்துரையோடோ சிறப்பு மருத்துவரிடம் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். "இந்த டாக்டர்தான் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் நீங்கள் தனியார் நோயாளி ஆகிவிடுவீர்கள்.

தாதி முதலில் கேட்கும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள், எந்தத் தரையில், எப்படி. முதுகு வலி உண்டா. மற்றக் குதிகால் எப்படி இருக்கிறது. நீரிழிவு, புகைபிடித்தல், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாத மருந்து. புகைபிடிப்பதை மறைக்கவே மறைக்காதீர்கள். அறுவை செய்வதா வேண்டாமா என்ற முடிவே அதனால் மாறலாம்.

மூன்று நிலைமைகளில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நீங்களே பார்த்து, உடனே ஆள் கூப்பிடுங்கள்.

முதலாவது, குதிகாலின் பின்பக்கத் தோல் வெளுத்து, உள்ளிருந்து ஏதோ முட்டுவதுபோல் புடைத்திருப்பது. குதிகால் தசைநாண் எலும்புத் துண்டைப் பிடித்து மேலே இழுக்கும்போது இப்படி ஆகும். தோல் சில மணி நேரத்திலேயே செத்துவிடக்கூடும்.

இரண்டாவது, எலும்பு இருக்கும் இடத்தில் வெளிக்காயம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

மூன்றாவது, மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி. பாதம் கல் போல இறுகி, யாராவது விரலை லேசாக நீட்டினாலே உயிர் போவதுபோல் வலித்தால், பாதத் தசைகளுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். வார்டில் படுத்திருக்கும்போதும் இது வரும். "தாதிக்குத் தொந்தரவு கொடுக்கவேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நம் ஆட்களின் பழக்கம். தயவுசெய்து மணியை அழுத்துங்கள்.

"எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் மறுநாள் உள்ளங்காலில் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது, ஊன்றவே முடியவில்லை என்றால் திரும்பிப் போங்கள். உள்ளங்காலில் பரவும் அந்தக் கன்றல் குதிகால் முறிவுக்கே உரிய அடையாளம்.

3. முதல் வாரத்திலேயே தாள்களை முடியுங்கள்

இதை மூன்றாவதாக வைத்திருப்பது வேண்டுமென்றே. வலி குறைந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

வேலையிடத்தில் விழுந்திருந்தால், அவசரப் பிரிவில் முதல் வாயால் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும். நான் கூடப் போன ஒரு தம்பி சாரத்திலிருந்து விழுந்தவர். மேற்பார்வையாளர் ஒருவர் வழியெல்லாம் அவரிடம் "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தம்பியும் அப்படியே சொல்லிவிட்டார். மருத்துவமனைக் குறிப்பில் அது ஏறிவிட்டது. மூன்று மாதம் கழித்து அதை மாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடன் இருந்த இருவர் வாக்குமூலம் கொடுத்ததால்தான் வழி பிறந்தது. மருத்துவர் அன்று எழுதும் இரண்டு வரிதான் பின்னால் பெரிய சாட்சி. மொழி தடையாக இருந்தால் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். பொது மருத்துவமனைகளில் பெரும்பாலும் யாராவது கிடைப்பார்கள்.

அன்றே ஃபோனில் எழுதிவையுங்கள்: நாள், நேரம், இடம், உயரம், யார் யார் பார்த்தார்கள். ஏணி, சாரம், தரை எல்லாவற்றையும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் அந்த இடம் அப்படியே இருக்காது.

வேலைக் காயத்தால் ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ கிடைத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாகவேண்டும். அதற்கு 10 நாள் அவகாசம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. உங்கள் கவனக்குறைவால் விழுந்திருந்தாலும் உரிமை உண்டு. மருத்துவ விடுப்புக்கு முழுச் சம்பளம், வெளிநோயாளி விடுப்பு என்றால் 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை. அதற்குப் பிறகு விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. மருத்துவச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு: 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும்.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் வேலைக்கு வெளியே விழுந்தாலும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. முதலாளி அவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். தங்கும் இடமும் சாப்பாடும் சிகிச்சையும் அவர் பொறுப்புதான். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று டிக்கெட் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெர்மிட் ரத்தானாலும், இழப்பீட்டு மனு நடக்கும்போது ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் இங்கே தங்க வழி இருக்கிறது.

வீட்டில் விழுந்த குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு வேலை குறைவு. மெடிஷீல்ட் லைஃப் (அடிப்படை மருத்துவக் காப்புறுதி), மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இரண்டையும் மருத்துவமனையே கணக்கில் சேர்க்கும். கூடுதலாகத் தனியார் திட்டம் வைத்திருந்தால், எந்த வார்டு வரை தாங்கும், முன்னனுமதி வேண்டுமா என்று படுக்கை ஒதுக்குவதற்கு முன்பே முகவரிடம் கேளுங்கள். கட்ட முடியாத நிலை என்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கவேண்டும் என்று வார்டிலேயே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் வேலையே அதுதான்.

4. வீக்கம் வடியும் நாட்கள்

"எலும்பு உடைந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை, கவனிக்கவே மாட்டேன் என்கிறார்கள்." கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் சொல்லும் புகார் இது. குதிகாலின் வெளிப்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வீங்கிய தோலை வெட்டினால் தையல் பிரியும், சீழ் வைக்கும், எலும்பைப் பிடிக்க உள்ளே வைக்கும் உலோகத் தகட்டுக்கும் பரவும். ஆகவே ஏழு முதல் பதினான்கு நாள் காத்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதிதான். மறுபக்கம், மூன்று வாரத்தைத் தாண்டினால் துண்டுகள் அந்தந்த இடத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும். இந்த இடைவெளிக்குள் வீக்கத்தை வடியவைப்பதில் உங்கள் பங்குதான் பெரிது.

காலை இதயத்துக்கு மேலே வையுங்கள். ஸ்டூலில் தூக்கி வைத்தபடி சோபாவில் சாய்ந்திருப்பது போதாது. மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு மூன்று தலையணை அடுக்கி, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி வையுங்கள். குதிகாலுக்கே தலையணை கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. அந்த அழுத்தத்தில் தோல் புண்ணாகிவிடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் விரல்களை மடக்கி நீட்டுங்கள்.

தோலில் நீர்க்கொப்புளங்கள் வரலாம். ஊசியால் குத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் காலில் முதல் வாரம் தோல் கத்தரிக்காய் போல இழுத்துப் பளபளத்தது. மருத்துவர் தினமும் வந்து பெருவிரலால் குதிகால் ஓரத்தை லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று போய்விடுவார். பத்தாம் நாள் காலை அவர் தள்ளியபோது தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன, பழுத்து வாடிய மாம்பழத் தோலில் விழுவதுபோல. "இப்போது சரி" என்றார். அந்தச் சுருக்கம்தான் அவர்கள் காத்திருக்கும் அடையாளம்.

இந்த நாட்களில் ஒரு சிகரெட்கூட வேண்டாம். தோலுக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது சுருக்கிவிடுகிறது. நீரிழிவு இருந்தால் சர்க்கரையை இறுக்கிப் பிடியுங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இனிப்பை அன்போடு வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போதும் 995தான்.

5. அறுவையா, வேண்டாமா

இதில் ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்தார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சிடி ஸ்கேனை வைத்து, மூட்டுப் பரப்பு எத்தனை துண்டாகி விலகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதைச் சாண்டர்ஸ் என்ற வகைப்பாட்டில் சொல்வார்கள்: வகை 1 என்றால் விலகல் இல்லை. 2 என்றால் இரண்டு துண்டு, 3 என்றால் மூன்று, 4 என்றால் நான்கோ அதற்கு மேலோ. எக்ஸ்ரேயில் போலர் கோணம் என்று ஒன்றையும் அளப்பார்கள். சாதாரணமாக அது 20 முதல் 40 பாகை இருக்கும்; குதிகால் நசுங்கினால் குறையும். உங்கள் எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழிகள் இவை: அறுவையில்லாமல் காத்திருந்து சீக்கிரம் அசைக்கத் தொடங்குவது. சிறு துளை வழியே திருகாணி போடுவது. கணுக்காலின் வெளிப்பக்கம் சிறிய வெட்டு வழியாகத் துண்டுகளைத் தூக்கி நிறுத்துவது. எல் வடிவில் பெரிதாகத் திறந்து தகடு வைப்பது. மிக மோசமாக நொறுங்கியிருந்தால் மூட்டையே ஒட்டவைத்துவிடுவது. பெரிய வெட்டில் பார்வை நன்றாகக் கிடைக்கும், புண் ஆறுவதில் சிக்கலும் கூடும்.

அறுவை செய்யாவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 151 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுக்குள் விலகிய சாதாரண மூடிய முறிவுகளில், இரண்டாண்டு கழித்து வலியிலும் நடையிலும் அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவை செய்தவர்களுக்குத் தொற்று போன்ற சிக்கல்கள்தான் கூடுதல். குதிகால் மிக மோசமாக உருக்குலைந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். என் முறிவு அந்த வகை; எனக்குத் தகடு வைத்தார்கள்.

மருத்துவரிடம் கேட்கவேண்டியவை: என் முறிவில் அறுவை எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது? புண் ஆறாமல் போக என் உடம்பில் என்ன காரணம் இருக்கிறது? செய்யாவிட்டால் குதிகால் அகலமாகி, காலணியும் நடையும் எப்படி இருக்கும்? நீங்கள் இதை அடிக்கடி செய்வதுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் முதல் வாரத்திலேயே கேளுங்கள், ஸ்கேன் படங்களின் நகலோடு. மூன்றாம் வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

6. வீட்டுக்கு வருவதற்கு முன் வீட்டைத் தயார்செய்யுங்கள்

வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீட்டில்) முதல் எதிரி கழிவறை வாசலில் இருக்கும் அந்தச் சிறிய மேடு. ஊன்றுகோலோடு ஈரத்தில் அதைத் தாண்டும்போதுதான் பலர் விழுகிறார்கள். உள்ளே முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, வாசலில் வழுக்காத பாய் ஒன்று. உட்கார்ந்து குளியுங்கள், காலைப் பிளாஸ்டிக் பையில் நுழைத்து, மேலே ஒட்டி, நாற்காலிக்கு வெளியே நீட்டி வையுங்கள். பழைய இந்திய பாணிக் கழிவறை என்றால் அதன்மேல் வைக்கும் கமோட் நாற்காலி கட்டாயம்.

ஊன்றுகோலின் ரப்பர் நுனியைத் துடைக்க வாசலில் ஒரு பழைய துண்டு போட்டுவையுங்கள். தாழ்வாரத்தில் சாரல் அடித்திருக்கும். அந்த ஈர ரப்பர் நம் வீட்டு மார்பிள் தரையில் சோப்புப் போல வழுக்கும்.

உங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது என்றால், படியில் உட்கார்ந்தபடி ஏறி இறங்குவது எப்படி என்று வார்டிலேயே பிசியோவிடம் பழகிக்கொள்ளுங்கள். முழங்காலை ஊன்றித் தள்ளிப்போகும் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கலாம். நீண்ட தாழ்வாரத்துக்கும் வாய்டெக்குக்கும் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்துக்கும்) அருமையான சாதனம், குளியலறைக்கு ஆகாது. இரண்டு குதிகாலும் உடைந்திருந்தால் சக்கர நாற்காலிதான். வீட்டில் ஆள் இல்லையென்றால் சமூக மருத்துவமனையில் சில வாரம் இருக்க முடியுமா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்.

தங்கும் விடுதியில் இருப்பவர்களுக்கு இரண்டே விஷயம். கீழ்க் கட்டில், கழிவறைக்குப் பக்கத்து அறை. இரண்டையும் மருத்துவர் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வாய்ச்சொல்லில் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கடிதத்தைக் காட்டினால் அன்றே மாற்றுவார்கள்.

7. புண் ஆறும் வாரங்கள்

குதிகால் தையலை இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பிரிப்பார்கள். அதுவரை நனையக் கூடாது, தொங்கக் கூடாது. காயக் கட்டுத் துணியில் கசிவு, நாற்றம், காய்ச்சல், தையல் ஓரம் கறுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

பாதத்தின் வெளி ஓரம் மரத்திருக்கலாம். அந்த வழியாக ஒரு உணர்வு நரம்பு ஓடுகிறது. பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும். தொட்டாலே எரிச்சல், தோல் நிறம் மாறுவது, அளவுக்கு மீறி வேர்ப்பது என்று சேர்ந்து வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். நரம்பு வலி நோயாக மாறுவதற்கு முன் பிடித்தால் நல்லது.

8. கால் ஊன்றாத காலம்

ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இதுதான் மிகக் கடினமான கட்டம், ஏனென்றால் நடுவிலேயே வலி போய்விடும். நான்கைந்து வாரத்தில் கால் சும்மா இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து கழிவறைக்கு நாலு எட்டு வைத்துவிடுவோம். என்னோடு வந்த ஒருவருக்கு ஐந்தாம் வாரத்தில் இப்படித்தான் ஆனது. அடுத்த எக்ஸ்ரேயில் துண்டு கீழே இறங்கியிருந்தது. வலி போனது எலும்பு கூடியதற்கு அடையாளம் இல்லை. படுக்கப் போகும்போது ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்து, எழுந்தால் கையில் இடிக்கும்படி வையுங்கள். ஆண்கள் இரவில் யூரின் பாட்டிலே வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவர் கட்டை அகற்றி அசைக்கச் சொன்னதும் அன்றே தொடங்குங்கள். கணுக்காலை மேலும் கீழும், அப்புறம் உள்ளும் வெளியும். பெருவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். நம் எழுத்துகளில் வளைவு அதிகம், கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும். குதிகாலுக்கு மேலிருக்கும் மூட்டு விறைத்துப்போனால் பிறகு அதை மீட்பது கஷ்டம். தொடைத் தசையையும் மறக்காதீர்கள். முழங்காலை நேராக்கி, காலைத் தூக்கி, பத்து எண்ணி இறக்குங்கள்.

ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், தவறில்லை. ஆனால் எலும்பும் தோலும் கூடுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் தினமும் இருக்கட்டும். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதால் தண்ணீரும் கீரையும். ஊரிலிருந்து வரும் எலும்பு ஒட்டும் லேகியத்தை மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

9. ஊன்றத் தொடங்கும் நாள்

"20 கிலோ வரை ஊன்றலாம்" என்பார் மருத்துவர். 20 கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். நல்ல கால் அதே உயரத்துப் பலகையில், கெட்ட கால் இயந்திரத்தின்மேல், இரண்டு கையும் ஊன்றுகோலில். முள் 20ஐத் தொடும்வரை மெல்ல அழுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த அழுத்தத்தை மனதில் பதியவைத்து, திறந்து பாருங்கள். முதல் முறை எனக்கு 34 காட்டியது. பத்து முறை செய்ததும் கால் கற்றுக்கொண்டது. தினம் காலையில் இதைச் செய்துவிட்டே நடக்கத் தொடங்குங்கள்.

வெறுங்காலோடு ஊன்றாதீர்கள், வீட்டுக்குள்ளும்கூட. மெத்தென்ற அடிப்பாகம் உள்ள அகலமான காலணி ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம் வழக்கம் இல்லைதான், ஆனால் புதிதாக வாங்கி வெளியே கொண்டுபோகாமல் வைத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது. முஸ்தபாவிலோ வேறெங்கோ காலணி வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், வீக்கம் அப்போதுதான் முழுதாக இருக்கும்.

கால் தொங்கும்போது கருநீலமாக மாறும். மாலையில் வீங்கும். காலையில் முதல் பத்து எட்டு முள்மேல் நடப்பது போலிருக்கும். இவை எதிர்பார்த்தவை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். தையல் நன்றாக ஆறி மருத்துவர் அனுமதித்தால் நீச்சல் குளத்தில் மார்பளவுத் தண்ணீரில் நடப்பது அருமையான பயிற்சி. தண்ணீர் உங்கள் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும்.

சமதளத்தில் நடை வந்த பிறகும் புல்தரை, மணல், சாக்கடை மூடியின் சரிவு எல்லாம் தொல்லை தரும். பாதத்தை இருபுறமும் சாய்க்கும் மூட்டுத்தான் அடிபட்டிருக்கிறது, அதனால். ஈஸ்ட் கோஸ்ட் மணலுக்கு ஆறாவது மாதத்தில் போய் வருத்தத்தோடு திரும்பினேன். பதினான்காவது மாதத்தில் மகளோடு தண்ணீர் வரைக்கும் நடந்தேன். முன்னேற்றம் ஒன்றரை இரண்டு ஆண்டு வரைகூட வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் மாத நிலையைப் பார்த்து வாழ்க்கை இவ்வளவுதான் என்று முடிவுகட்டாதீர்கள்.

10. வேலை, மதிப்பீடு, பின்னால் வரக்கூடியவை

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, காலை உயர்த்த இடம் கிடைத்தால் ஊன்றாத காலத்திலேயே சிலர் திரும்புகிறார்கள். ஏணி, சாரம், சுமை தூக்குவது என்றால் ஆறு மாதமோ அதற்கும் மேலோ ஆகலாம், சிலர் வேலையையே மாற்றவேண்டிவரும். இலகு வேலை என்று மருத்துவர் எழுதும்போது "நிற்கக் கூடாது, ஏணி கூடாது, மேடுபள்ளத்தில் நடக்கக் கூடாது" என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். "லைட் டியூட்டி" என்று மட்டும் இருந்தால், நாள் முழுக்க நின்று வாசல் காக்கும் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். வலது கால் என்றால், திடீர் பிரேக் போடும் பலம் வந்துவிட்டதா என்று மருத்துவர் சொல்லாமல் வண்டி ஓட்டாதீர்கள்.

வேலைக் காயமாக இருந்தால், காயம் ஒரு நிலைக்கு வந்ததும் நிரந்தர இயலாமை மதிப்பீடு நடக்கும். அன்றைக்கு "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை நிமிடம் நின்றால் வலிக்கிறது, எத்தனை படி ஏற முடிகிறது, குந்தி உட்கார முடிகிறதா, எந்தக் காலணி நுழையவில்லை என்று ஒரு வாரம் முன்பிருந்தே குறித்துக்கொண்டு போய், அந்தத் தாளை அப்படியே வாசியுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து அந்த மூட்டு தேய்ந்து வலி கூடலாம். ஊசி, காலணிக்குள் வைக்கும் தாங்கி, கடைசியாக மூட்டை ஒட்டவைக்கும் அறுவை என்று வழிகள் இருக்கின்றன. திருகாணி தோலுக்கடியில் உறுத்தினால் எலும்பு முழுதாகக் கூடிய பிறகு எடுத்துவிடலாம். சிறிய உயரத்திலிருந்து விழுந்தே குதிகால் உடைந்த வயதானவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். என் அம்மா வயதுள்ள ஒருவர் ஒரே ஒரு படி தவறி விழுந்து வந்தபோது, யாரும் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.